ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் தரம்: காலத்தோடு மாறிய கருத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் திருவொற்றியூரில் வேர்விட்டு வளர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டிகளை, குறிப்பாக புல்லட்டை, பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக உலவுகின்றன. இரும்பு போன்ற வண்டி என்பது ஒன்று. வாங்கினால் மெக்கானிக் கடையிலேயே குடியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்டுக் குழம்புகிறவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விரிவான விடைகளும் கீழே உள்ளன.

ஒரே நிறுவனத்தின் வண்டியைப் பற்றி இவ்வளவு முரணான கருத்துகள் இருப்பது ஏன்?

பேசுகிறவர்கள் ஒரே வண்டியைப் பற்றிப் பேசவில்லை என்பதே முதன்மையான காரணம். 1970களில் வாங்கிய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை மனத்தில் வைத்து ஒருவர் பேசுவார். 2012இல் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கிளாசிக் மாடலை வைத்து இன்னொருவர் பேசுவார். மூன்றாமவர் ஓட்டுவது 2022இல் வெளிவந்த ஹண்டராக இருக்கும். தொட்டியின் மேல் உள்ள பெயர் ஒன்றே தவிர, உள்ளே இருக்கும் எஞ்சின்கள் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவை; ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வண்டி மாறும் வேகத்தில் அதன் பெயர் மாறுவதில்லை. நல்ல பெயர் எடுத்த வண்டியின் தயாரிப்பு சரியத் தொடங்கினாலும், பழைய மதிப்பு பல ஆண்டுகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். கெட்ட பெயர் எடுத்த வண்டி திருந்திவிட்டாலும், பழைய வசை பல ஆண்டுகள் அதைத் துரத்தும். ராயல் என்ஃபீல்டின் வரலாற்றில் இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன. அதனால்தான் இந்த நிறுவனத்தைப் பற்றிய எந்தக் கருத்தையும் அது பிறந்த ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடக்கத்தில் இந்த வண்டிக்கு நற்பெயர் எப்படிக் கிடைத்தது?

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் தயாரித்தது. துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்துகொடுத்த தொடர்பினால் வந்த பெயரும், துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் உறுதியான வண்டி என்ற எண்ணத்தை அப்போதே விதைத்தன. புல்லட் என்ற பெயர் 1932இல் அறிமுகமானது.

இந்தியாவில் இந்த மதிப்பை நிலைநாட்டியது ராணுவம். 1950களின் முற்பகுதியில் எல்லைப் பகுதி ரோந்துக்காக 350 சிசி புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டு 800 வண்டிகள் வாங்கப்பட்டன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் உற்பத்திக் கருவிகளே இங்கு வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. தாய் நிறுவனம் 1970இல் மறைந்துபோக, அதன் வண்டி சென்னையில் உயிரோடு இருந்தது.

ராணுவமும் காவல் துறையும் ஓட்டுகிற வண்டி என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தக் காலத்தில் வேறில்லை. ஆனால் ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராணுவத்திலும் காவல் துறையிலும் வண்டிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் பணிமனைகளும் இருந்தன. குறித்த காலத்தில் ஆயில் மாற்றி, வால்வுகளை இயக்கும் டேப்பட்டுகளின் இடைவெளியைச் சரிசெய்து, நட்டு போல்ட்டுகளை முடுக்கிவிடும் கைகள் அந்த வண்டிகளுக்குப் பின்னால் இருந்தன. அதே வண்டியைத் தனியாள் ஒருவர் வாங்கி, பெட்ரோல் மட்டும் ஊற்றி ஓட்டியபோது கிடைத்த அனுபவம் வேறாக இருந்ததில் வியப்பில்லை.

பெயர் கெடத் தொடங்கியது எப்போது?

1980களின் நடுப்பகுதியில் என்று சொல்லலாம். அதுவரை இந்தியச் சாலையில் புல்லட்டை ஒப்பிட ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் போன்ற சில வண்டிகளே இருந்தன. அவையும் பழைய ஐரோப்பிய வடிவமைப்புகளே. எல்லா வண்டிகளுக்கும் அவ்வப்போது தீப்பொறிக்கான மின்தொடர்பான பாயிண்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால், அதை எவரும் ஒரு குறையாகக் கருதவில்லை.

ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் 100 சிசி வண்டிகள் வந்ததும் இந்த அளவுகோல் உடைந்தது. ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகி, 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டு வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆகியவை, மெல்லிய ஒரு உதையில் உயிர்பெற்று, மாதக்கணக்கில் ஸ்பேனர் படாமல் ஓடின. பெட்ரோலை நிரப்பு, மூடியைப் பூட்டு, மறந்துவிடு என்ற ஹீரோ ஹோண்டாவின் விளம்பரம் வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தது மைலேஜ் கணக்கை மட்டுமல்ல; வண்டியை மறந்துவிடவும் முடியும் என்ற புதிய எதிர்பார்ப்பையும்தான். புல்லட் மறக்க விடாத வண்டி. 1984இல் இருந்த புல்லட்டுக்கும் 1986இல் இருந்த புல்லட்டுக்கும் இயந்திர அளவில் பெரிய வேறுபாடு இல்லை. பக்கத்தில் வந்து நின்ற வண்டி மாறியதால், இதன் மீதான மதிப்பீடு மாறிவிட்டது.

ஆயில் ஒழுக்கு வடிவமைப்பின் குறையா, தயாரிப்பின் குறையா, பராமரிப்பின் குறையா?

மூன்றும்தான். மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் வடிவமைப்பு. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் ஒரே ஒரு பெரிய பிஸ்டன், 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. அது இறங்கும்போது கீழே எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. இரட்டை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றொன்று ஏறுவதால் இந்த அழுத்தம் சமனாகிவிடும். ஒற்றை சிலிண்டரில் அதற்கு வழியில்லை. அந்தக் காற்று பிரீத்தர் எனும் காற்றுப்போக்கி வழியாக வெளியேற வேண்டும். பிரீத்தர் குழாய் அடைத்துக்கொண்டாலோ, அதன் நுனியில் உள்ள ரப்பர் வால்வு காய்ந்து விறைத்தாலோ, அழுத்தம் வேறு வழி தேடி, கேஸ்கெட்டையும் ஆயில் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வருகிறது. ஆயில் கசிகிறது என்று மூன்று முறை கேஸ்கெட் மாற்றியும் பயனில்லை என்று வருந்தும் பலர், பிரீத்தரை ஒரு முறையாவது கழற்றிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்தது தயாரிப்பு. இரண்டு உலோகப் பரப்புகள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் இருக்க அந்தப் பரப்புகள் சமதளமாக இருக்க வேண்டும். 1950களின் கருவிகளையும் முறைகளையும் கொண்டு, பெருமளவு கைவேலையாக நடந்த உற்பத்தியில் அந்தத் துல்லியம் வண்டிக்கு வண்டி வேறுபட்டது. ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு புல்லட்டுகளில் ஒன்று காய்ந்த தரையில் நிற்க, மற்றொன்றின் அடியில் அட்டை விரிக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான்.

மூன்றாவது பராமரிப்பு. எஞ்சினின் இடப்புறம் உள்ள பிரைமரி கவரைப் பாருங்கள். கிளட்சையும் பிரைமரி செயினையும் மூடியிருக்கும் அந்த நீண்ட மூடியை, விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூக்கள் இல்லாமல், நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு பிடித்திருக்கிறது. விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கிறது. கசிவைக் கண்டதும் அந்த நட்டை இன்னும் இறுக்குவதுதான் மனித இயல்பு. இறுக்க இறுக்க மூடி நடுவில் உள்வாங்கி, ஓரங்களில் பிடி தளர்ந்து, கசிவு கூடுகிறது. ரப்பர் வளையத்தை மாற்றி அளவாக முடுக்கத் தெரிந்த மெக்கானிக்கின் கையில் அதே மூடி சொட்டுக்கூட விடாது.

ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள் என ஓட்டிகளிடையே ஒரு பேச்சு வழங்கிவந்தது. அன்பினால் பிறந்த பேச்சுதான். ஆனாலும் அது ஒரு குறையைப் பண்பாக மாற்றிவிட்டது என்பதால் அதை நான் ஏற்பதில்லை. வாங்கியவர்களே பொறுத்துக்கொண்டதால் திருத்த வேண்டிய அவசரம் நிறுவனத்துக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை.

அப்படியானால் பழைய புல்லட்டைக் கொண்டாடுகிறவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள்?

பழுதுபார்க்க முடிவதைக் கொண்டாடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டேப்பட் சரிசெய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்குமாறு வைத்து, சிலிண்டருக்கு அருகே உள்ள சிறிய மூடியைத் திறந்தால், வால்வுகளைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். விரலால் உருட்டினால் ராடு தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இதற்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ்கூடத் தேவையில்லை, இரண்டு மூன்று ஸ்பேனர்களும் உணர்வுள்ள விரல்களும் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் மரத்தடியில் அமர்ந்து செய்துவிடலாம்.

ஸ்டார்ட் செய்வதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே இருந்தது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்க வேண்டும். பிறகு சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே கீழே இறக்கி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் முழு உதை கொடுக்க வேண்டும். முறை தெரிந்தவருக்கு ஒரே உதையில் எஞ்சின் எழும். தெரியாதவரைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் பட்ட அடியை ஆயுளுக்கும் நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். முறை தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வண்டியைப் பற்றி எதிரெதிரான தீர்ப்பு எழுதியதில் இருவரிடமும் பொய் இல்லை.

2000ஆம் ஆண்டை ஒட்டி நிறுவனமே மூடப்படும் நிலைக்கு வந்தது உண்மையா?

உண்மை. ஐஷர் குழுமம் 1990இல் என்ஃபீல்டு இந்தியாவுடன் கைகோத்து, 1994இல் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இருந்தும் 2000 வாக்கில் மாதம் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய நிறுவனம் ஏறத்தாழ 2,000 வண்டிகளையே விற்றது. இந்தப் பிரிவை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, 26 வயதில் பொறுப்பேற்ற, ஐஷர் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால் கால அவகாசம் கேட்டுப் பெற்றார். ஜெய்ப்பூரில் இருந்த தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டு, கவனம் சென்னையில் குவிக்கப்பட்டது.

இந்தக் காலத்தில் எஞ்சினிலும் மாற்றம் வந்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு உருவான அலுமினிய எஞ்சின் மாச்சிஸ்மோவிலும், 2002இல் வந்த தண்டர்பேர்டிலும் பொருத்தப்பட்டது. வலப்புறம் இருந்த கியர் லீவர் படிப்படியாக இடப்புறம் வந்தது. இவை தேவையான திருத்தங்களே. ஆயினும் பழைய ரசிகர்கள் இதை உண்மையான புல்லட் அல்ல என்று ஒதுக்கினார்கள், புதிய வாடிக்கையாளர்களோ இன்னும் பழைய வண்டிதான் என்று தயங்கினார்கள். ஏவிஎல் எஞ்சினுக்கு உரிய மதிப்பு அது சந்தையில் இருந்த காலத்தில் கிடைக்கவில்லை.

2009இல் கிளாசிக் வந்த பிறகு விற்பனை பெருகியது. தரமும் அதே வேகத்தில் பெருகியதா?

எஞ்சின் பெருமளவு மேம்பட்டது. யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்) என்று அழைக்கப்படும் கிளாசிக்கின் எஞ்சினில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்ததால் கசிவதற்கான இணைப்புகள் குறைந்தன. ஹைட்ராலிக் டேப்பட்டுகள் தம்மைத் தாமே சரிசெய்துகொண்டதால் மேலே விவரித்த விரல் வேலை தேவையற்றுப்போனது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால், ஏறத்தாழ 2010இல் வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது.

ஆனால் விற்பனை ஏறிய வேகம் வேறு. 2010இல் ஆண்டுக்குச் சுமார் 50,000 வண்டிகள் விற்ற நிறுவனம் 2014இல் 3 லட்சத்தைத் தாண்டியது. 2013இல் ஒரகடம் தொழிற்சாலை தொடங்கும்வரை வாடிக்கையாளர்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள். உற்பத்தி இப்படிப் பெருகும்போது, உதிரிபாகங்கள் செய்துதரும் சிறு நிறுவனங்களிலிருந்து சர்வீஸ் சென்டரில் ஸ்பேனர் பிடிக்கும் இளைஞர்வரை எல்லாரும் அதே வேகத்தில் தேற வேண்டும். அது நடப்பது கடினம். குரோம் பூச்சில் துரு, எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச்சின் தேய்மானம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கைப்பிடியிலும் கால் மிதியிலும் உணரப்படும் அதிர்வு ஆகியவை அந்தத் தலைமுறை உரிமையாளர்கள் அதிகம் பேசிய குறைகள். அதிர்வுக்குக் காரணம் எளிது. யூசிஇ எஞ்சினிலும் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் புகார்களைச் சொன்னவர்கள் பெரும்பாலும் புதியவர்கள் என்பது. பல்சரிலிருந்தோ ஹீரோ ஹோண்டாவிலிருந்தோ மாறிவந்த அவர்களுக்கு, பழைய புல்லட் ஓட்டிகளிடம் இருந்த பொறுமை இல்லை. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முந்தைய தலைமுறையைவிட நல்ல வண்டி, முந்தைய தலைமுறையைவிட அதிகமான வசையை வாங்கியது. 2017இல் பஜாஜ் நிறுவனம் டாமினார் வண்டிக்காக எடுத்த விளம்பரங்களில், போட்டியாளரின் பெயரைச் சொல்லாமலே, புல்லட் ஓட்டிகளை நினைவூட்டும் தோற்றத்தில் ஆட்களை யானைமீது ஏற்றி, யானை வளர்ப்பதை விடுங்கள் என்று இந்தியில் கேலி செய்தார்கள். பிரேக், ஹெட்லைட், குளிரில் ஸ்டார்ட் ஆகாமை என எல்லாம் அதில் இடம்பெற்றன. வசைகளில் சில பழையவை. பிரேக்கைப் பற்றியது அப்போதும் உண்மையே, ஏனெனில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அந்த வண்டிகளுக்கு 2018இல்தான் வரத் தொடங்கியது.

முதல் ஹிமாலயனில் நடந்தது என்ன?

2016 மார்ச்சில் வந்த ஹிமாலயன், நிறுவனம் முற்றிலும் புதிதாக உருவாக்கிய 411 சிசி எஞ்சினைக் கொண்டது. அதில் பேலன்சர் ஷாஃப்டும் இருந்தது. மலைப்பாதைக்கும் கரடுமுரடான சாலைக்கும் என்று விற்கப்பட்ட வண்டி என்பதால், வாங்கியவர்கள் அதை உண்மையிலேயே அப்படிப்பட்ட சாலைகளில் ஓட்டினார்கள். முதல் தொகுதி வண்டிகளில் பல குறைகள் வெளிப்பட்டு, பொது வெளியில் பலத்த விமர்சனம் எழுந்தது. 2017இல் பிஎஸ்-4 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கேற்ப ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்த வண்டியும் அதற்குப் பின் வந்தவையும் படிப்படியாகத் தேறி, லடாக் செல்வோரின் வழக்கமான தேர்வாகவே ஹிமாலயன் ஆனது. ஆனாலும் முதல் வருட வண்டிகள் ஈட்டிய கெட்ட பெயர் பல ஆண்டுகள் நீடித்தது. புதிய எஞ்சினின் முதல் தொகுதியை வாங்காமல் ஓராண்டு பொறுத்திருங்கள் என்ற அறிவுரை பரவலாக வேரூன்றியது அப்போதுதான். இன்றுவரை அதை நல்ல அறிவுரையாகவே கருதுகிறேன்.

கருத்து உண்மையில் எப்போது திரும்பியது?

2018 நவம்பரில் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரட்டை சிலிண்டர் வண்டிகள் இந்தியாவில் வந்தபோது. அதற்கான விதைகள் முன்பே ஊன்றப்பட்டிருந்தன. சேசிஸ் வடிவமைப்பில் பெயர் பெற்ற பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தை 2015இல் ராயல் என்ஃபீல்டு வாங்கியது. 2017இல் லெஸ்டர்ஷையரின் புருண்டிங்தோர்ப்பில் தொழில்நுட்ப மையம் திறந்தது. 648 சிசி எஞ்சின், 47 குதிரைத்திறன், 270 டிகிரி கிராங்க், நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வின்மை ஆகியவற்றோடு, 3 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டியும் தரப்பட்டது. என் பார்வையில் அந்த வாரண்டிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி. தன் வண்டியை நம்பாத நிறுவனம் அத்தகைய பொறுப்பை ஏற்காது.

அதன்பின் 2020 நவம்பரில் மீட்டியோரில் வந்த ஜே-சீரிஸ் 349 சிசி எஞ்சின், 2021இல் கிளாசிக்கிலும் 2022இல் ஹண்டரிலும் 2023இல் புல்லட்டிலும் இடம்பிடித்தது. புஷ்ராடுகள் போய், கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல் சென்றது. 350 வண்டிகளில் முதன்முறையாகப் பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. 20 குதிரைத்திறன் என்ற எண் பழைய எஞ்சினிலிருந்து அதிகம் மாறவில்லை. மாறியது ஓட்டி முடித்து இறங்கியபின் கைகளில் எஞ்சும் உணர்வுதான். 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

வண்டிகளைத் திரும்ப அழைத்ததாகச் செய்தி வந்ததே, தரம் மீண்டும் சரிந்துவிட்டதா?

2021 மே மாதம், இக்னிஷன் காயிலில் இருந்த குறைக்காக இந்தியாவிலும் வேறு சில நாடுகளிலும் விற்ற மீட்டியோர், கிளாசிக், புல்லட் வண்டிகளில் 2,36,966 வண்டிகள் சோதனைக்கு அழைக்கப்பட்டன. அவற்றில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே மாற்று தேவைப்படும் என்று நிறுவனம் கணித்தது. அதே ஆண்டு டிசம்பரில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பின் பிரேக்கோடு தொடர்புடைய ஒரு பிராக்கெட்டுக்காக 26,300 கிளாசிக் 350 வண்டிகள் அழைக்கப்பட்டன. அதற்கு முன் 2020இல், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பினால் பிரேக் காலிப்பர் அரிக்கப்படக்கூடும் என்பதால் பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியா ஆகிய இடங்களில் சுமார் 15,200 வண்டிகள் அழைக்கப்பட்டன. நம் ஊர் வெயிலில் பிழையின்றி ஓடிய காலிப்பர் அங்கே சோதனைக்கு உள்ளானது.

இவை குறைகள் அல்ல என்று சொல்லமாட்டேன். ஆயினும் திரும்ப அழைப்பு என்பது, குறை கண்டறியப்பட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தயாரான வண்டிகளில் அது இருக்கிறது என்று நிறுவனத்தால் சொல்ல முடிகிறது என்பதற்கான சான்று. பழைய காலத்தில் அதே அளவு குறை, ஒவ்வொரு உரிமையாளரின் தலைவிதியாகத் தனித்தனியே சுமக்கப்பட்டது; அது எண்ணிக்கையாகச் செய்தித்தாளுக்கு வந்ததே இல்லை. எனவே அன்று செய்தி இல்லாததையும் இன்று செய்தி இருப்பதையும் ஒப்பிட்டுத் தரம் சரிந்தது என்று முடிவு கட்டுவது தவறு.

பழைய தடதடப்பு இப்போது இல்லையே, அது தரக் குறைவு ஆகாதா?

ஆகாது. கனமான ஃபிளைவீல், நீண்ட ஸ்ட்ரோக், மிகத் தாழ்ந்த ஐட்லிங் வேகம், இறுகாத ஒலி விதிகள் ஆகிய எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய ஓசை அது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பேலன்சர் ஷாஃப்டும் வந்த எஞ்சினில் அது அப்படியே இருக்க வாய்ப்பில்லை. அந்த ஓசையை நேசிப்பவர்களின் இழப்பு உண்மையானது என்பதை மதிக்கிறேன். அதற்காகச் சைலன்சரை மாற்றித் தெருவையே அதிரவைப்பது சட்டப்படியும் குற்றம், எஞ்சினின் எரிபொருள் கலவையையும் கெடுக்கும்.

வேறு நிறுவனங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் 1969 முதல் 1981 வரை ஏஎம்எஃப் என்ற பெருநிறுவனத்தின் கையில் இருந்தபோது உற்பத்தி பெருகி, தரம் சரிந்து, பெயர் கெட்டது. 1981இல் நிறுவனத்தின் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கி, சில ஆண்டுகளில் புதிய எவல்யூஷன் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். ஏஎம்எஃப் காலத்து வண்டி என்றால் இன்றும் அங்கே முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிரிட்டனின் டிரையம்ஃபும் மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டபின், ஹிங்க்லியில் புதிய எஞ்சின்களோடு மறுபிறவி எடுத்த நிறுவனமே.

பழைய வண்டி வாங்க நினைக்கும் ஒருவர், பிறர் சொல்லும் கருத்துகளை எப்படி எடைபோடுவது?

சொல்பவர் எந்த ஆண்டு வண்டியை, எந்த எஞ்சினோடு, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பதை முதலில் கேளுங்கள். பின்பு நீங்கள் பார்க்கப்போகும் வண்டியின் எஞ்சின் எந்தத் தலைமுறை என்பதைக் கண்ணாலேயே உறுதிசெய்யுங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனிக் கூடுகளாக இருந்து, சிலிண்டர் பேரல் இரும்பாகவும் இருந்தால் அது வார்ப்பிரும்பு எஞ்சின். கூடுகள் தனித்தனியாக இருந்து பேரலும் அலுமினியமாக இருந்தால் ஏவிஎல். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் யூசிஇ அல்லது அதற்குப் பிந்தியது.

வார்ப்பிரும்பு வண்டியானால், பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் வண்டியின் நிலையைவிட முக்கியமான கேள்வி. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள். யூசிஇ ஆனால், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தி, கரகரவென்று வழுக்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ஸ்ப்ராக் கிளட்ச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். முதல் வருட ஹிமாலயனானால், செய்யப்பட்ட திருத்த வேலைகளுக்கான சர்வீஸ் பதிவுகள் இல்லாமல் வாங்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு வண்டியானால், திரும்ப அழைப்பில் அதன் சேசிஸ் எண் உள்ளதா என்பதையும், உள்ளதெனில் வேலை முடிக்கப்பட்டுவிட்டதா என்பதையும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் அழைப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால், வாங்கிய கையோடு அதைச் செய்துவாங்குவது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.